ஒரு நாள் விருந்தாளிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது பழமொழி. எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற விருந்தாளிகளுக்கு அந்த மூன்று நாள்கூடக் கிடையாது. காலையில் வருவார்கள், அருவியில் தலையை நனைப்பார்கள், பார்டரில் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுவார்கள், நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்குவார்கள், பொழுது சாய்வதற்குள் வேனேறிப் போய்விடுவார்கள். நான் பிறந்து வளர்ந்த இலஞ்சி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆகையால் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை எங்கள் ஊரைக் கடக்கிறார்கள். கடக்கிறார்களே தவிர, யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

இவர்களைப் பற்றி நம் வகுப்பறைகளில் அடிக்கடி பேச்சு வருகிறது. "சீசன் கூட்டத்தால் ஊரே குப்பையாகிறது, இவர்கள் வராமலே இருந்தால் நல்லது" என்று என் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த முடிவு சரியா? ஒரே நாளில் வந்து போகிறவர்களால் ஊருக்கும், ஊரால் அவர்களுக்கும் நன்மை உண்டாக வழியே இல்லையா? சென்ற ஆண்டு சாரல் காலத்தில் நேர்ந்த ஒரு சிறு அனுபவம் என்னை இந்தக் கேள்விகளை எண்ணிப் பார்க்க வைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை ஆண்டில் ஒன்பது மாதம் வாள்பட்டறையில் தடி சுமப்பவர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஐந்தருவிச் சாலையோரம் பழக்கடை போடுவார். மங்குஸ்தான், ரம்புட்டான், கொய்யா, பலாச்சுளை என்று அந்தந்த வாரம் கிடைப்பதை விற்போம். என் தாய் பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கட்டும் கல்லூரிக் கட்டணத்தில் அந்த மூன்று மாதப் பழக்காசு இருக்கிறது. ஆகவே, விருந்தாளிகள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஊரில் லேசான வெயில். மலையில் மட்டும் நல்ல மழை. நம் பகுதியில் இது புதிதல்ல. கீழே நிற்பவனுக்கு வானம் தெளிவாக இருக்கும். மேலே பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் அருவியில் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டு போனதை நாம் மறக்க முடியாது. அன்றும் தண்ணீர் கூடியதால் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

காலை ஒன்பதரை மணிக்குக் கடையின் முன்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர், அவர் மனைவி, மகள், இரண்டு பேரக் குழந்தைகள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் அன்று காலைதான் தென்காசியில் இறங்கியிருக்கிறார்கள். அன்று மாலையே அதே பொதிகையில் திரும்ப வேண்டும். தோளில் துண்டும் கையில் மாற்றுத் துணியுமாகக் குழந்தைகள் அழாத குறை. "தம்பி, சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்க வேண்டுமா? இங்கே வேறு என்ன இருக்கிறது?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உண்மையில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்பாதான் முந்திக்கொண்டார். "நீ போய்க் காட்டிட்டு வால. அருவி இல்லாட்டி ஊரு இல்லையா?" என்றார்.

முதலில் சித்திர சபைக்குப் போனோம். சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருநெல்வேலியில் தாமிர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை, குற்றாலத்தில் சித்திர சபை என்று ஐந்து சபைகளையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்ததால் மளமளவென்று ஒப்பித்தேன். மற்ற இடங்களில் உருவமாக நிற்கும் ஆடலரசன் இங்கே ஓவியமாக இருக்கிறான் என்றும் சொன்னேன். சுவர்களைச் சுற்றி வந்தபோது பெரியவரின் மகள் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, "இது என்ன கதை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த படத்துக்கும் தெரியவில்லை. "இந்த ஊர்தானே நீங்கள்?" என்று குழந்தைகளில் ஒன்று கேட்டது. நண்பர்களே, அருவிக்கரையிலேயே வளர்ந்த நான், இருபது வயது வரை அந்தச் சபைக்குள் ஒரு முறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நடை சாத்துவதற்குள் இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் என்று சொன்னேன். 'இலஞ்சி என்றால் என்ன பொருள்?' என்று பெரியவர் கேட்க, நான் படிக்கும் தாவரவியல் கைகொடுத்தது. இலஞ்சி என்பது மகிழ மரத்துக்கு ஒரு பெயர். குளத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. மலையாளத்தில் இன்றும் மகிழத்தை இலஞ்ஞி என்றே அழைக்கிறார்கள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் மலையாள நாட்டுச் செடிகொடிகளை எல்லாம் தொகுத்து 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்னும் நூலாக வெளியிடச் செய்தார். 12 தொகுதிகளாக, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான நூல் அது. அதிலிருந்த உள்ளூர்ப் பெயரைத்தான் பின்னர் லின்னேயஸ் எடுத்துக்கொண்டார். அதனால் மகிழ மரத்தின் அறிவியல் பெயர் உலகமெங்கும் 'மிமுசோப்ஸ் எலெங்கி'. எந்த நாட்டு மாணவன் இந்த மரத்தைப் படித்தாலும் எங்கள் ஊர்ப் பெயரை உச்சரித்தே ஆகவேண்டும் என்று நான் சொன்னதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பேத்தி அந்தப் பெயரை நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நம் பாடப்புத்தகத்திலிருந்த ஒரு வரி, பரீட்சைத் தாளைத் தவிர வேறோர் இடத்திலும் பயன்பட்டதை அன்றுதான் கண்டேன்.

நடுப்பகலில் கோயில்கள் அடைத்துவிடும். குழந்தைகளுக்கு இளைப்பாற இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனேன். அம்மா பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பெரியவரின் மனைவி தட்டை எடுத்து மடியில் வைத்து, ஒரு பீடி சுற்றிப் பார்த்தார், வரவில்லை. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு வாடகை வேனில் பண்பொழித் திருமலைக்குப் போனோம். அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளும் உண்டு, மேலே போக வண்டிப் பாதையும் உண்டு. உச்சியில் நின்று பார்த்தால் மேற்கே மேகம் மூடிய மலைத் தொடர். கிழக்கே கண்ணுக்கெட்டிய வரை வயலும் குளமும் தென்னந்தோப்பும். அங்கேதான் பெரியவர் ஒரு செய்தி சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மகள் அவரை மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் பயணம் அழைத்துப் போயிருக்கிறார். கப்பல் நாளுக்கு ஒரு துறைமுகத்தில் நிற்கும். காலையில் இறக்கிவிடுவார்கள், மாலையில் சொன்ன நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும், பிந்தினால் கப்பல் காத்திராது. பிரான்சின் தென்கரையில் வில்பிரான்ஷ் என்ற துறைமுகத்தில் இறங்கி, பஸ்ஸில் மலையேறி, ஏஸ் என்ற சிற்றூருக்குப் போனார்களாம். கடலுக்கு மேலே நானூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில், பாறையுச்சியில் கழுகுக்கூடு போல் அமைந்த ஊர். கல் பாவிய சந்துகள், உச்சியில் கள்ளிச்செடித் தோட்டம், கீழே நீலக் கடல்.

"அதுவும் இப்படித்தான் தம்பி இருந்தது. இங்கே கடலுக்குப் பதில் வயல். ஆனால் அங்கே எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிஷம். நூறு போட்டோ எடுத்தேன். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எதுவும் தெரியாது. இன்றைக்கு உங்கள் அம்மாவிடம் காப்பி குடித்தோம் பாருங்கள், அப்படி அங்கே ஒன்றுமில்லை" என்றார்.

எனக்குச் சட்டென்று ஓர் ஒற்றுமை தோன்றியது. அவர்களுக்குக் கப்பல், நமக்குப் பொதிகை. காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும் வண்டிதான் இரண்டும். உலகம் முழுவதும் இந்த ஒரு நாள் விருந்தாளிகளின் பிரச்சினை ஒன்றுபோலவே இருக்கிறது.

அந்த நாடுகளில் இன்று என்ன செய்கிறார்கள் என்று பிறகு படித்துப் பார்த்தேன். இத்தாலியின் வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டு முதல் பெரிய உல்லாசக் கப்பல்களைத் தன் முக்கியக் கால்வாய்க்குள் வரவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில், தங்காமல் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது; முதல் ஆண்டில் அது 5 யூரோ. கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவில் 2025-ல் கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள். நம் நாட்டிலும் இந்தப் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் இலங்கைத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டது.

'பார், அவர்களே தடுக்கிறார்கள். நாமும் தடுக்கலாமே' என்று என் நண்பர் கேட்கலாம். வரம்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அப்படியும் பாறை இடுக்குகளில் ஷாம்புப் பைகள் கிடக்கின்றன. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதையாக நம் அருவிகள் ஆகிவிடக் கூடாது. சட்டம் இருக்கட்டும்; கண்டிப்பும் இருக்கட்டும். ஆனால் வெனிஸ் நிலைமையும் நம் நிலைமையும் ஒன்றல்ல. அங்கே ஊர் முழுவதும் கூட்டம் நிரம்பி வழிகிறது. இங்கே மொத்தக் கூட்டமும் நாலைந்து அருவிக்கரையில் நெருக்கியடிக்கிறது. சுற்றிலுமுள்ள ஊர்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரம் அருகிலேயே இருக்கிறது. எத்தனை பேர் கேட்டு வருகிறார்கள்? ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலம் வரை வாழ்ந்து தமிழ் வளர்த்தது குற்றாலத்தில்தான். 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, 'இங்கே வேறு என்ன இருக்கிறது?' என்று கேட்டவருக்கு, 'ஒன்றுமில்லை' என்று சொல்ல இருந்தேனே, அந்த அறியாமைதான் நம் முதல் குறை. விருந்தாளி பார்க்காமல் போகிறான் என்றால், காட்டத் தெரிந்தவன் இல்லை என்பதும் ஒரு காரணம்.

காட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் காட்டுகிறார்கள் என்பது வேறு கதை. கடைக்கு ஆள் பிடித்து வந்தால் கமிஷன் கொடுக்கும் வழக்கம் சுற்றுலா ஊர்களில் எல்லாம் உண்டு. வண்டி ஓட்டும் ஓர் அண்ணன் என்னிடமே சொன்னார்: "கோயிலையும் மலையையும் காட்டினா நமக்கு என்ன தம்பி கிடைக்கும்?" அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வயிற்றுப்பாட்டை அவர் பார்க்கிறார். ஊரைக் காட்டுவது ஒரு தொழில், அதற்கும் கூலி உண்டு என்ற நிலை வந்தால் அவரும் காட்டுவார்.

கூலி என்றதும் என் வீட்டில் நடந்த ஒரு சிறு சண்டையைச் சொல்ல வேண்டும். அன்று மாலை தென்காசிக் கோபுர வாசலில் காற்று வாங்கிவிட்டு, ஆறு மணிக்கு ஸ்டேஷனில் அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். பெரியவர் என் சட்டைப் பையில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தார். வேண்டாம் என்றேன், அவர் விடவில்லை. என் தாய் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றினால் கிடைக்கும் காசு அது. வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சவங்ககிட்ட யாராச்சும் துட்டு வாங்குவாங்களால?" என்றார். அப்பா சொன்னார்: "அவன் படிச்ச படிப்புக்கு வந்த முதல் கூலி. நான் தடி தூக்குனா கூலி வாங்கலையா?"

இருவரில் யார் சொன்னது சரி? பல நாள் யோசித்தேன். இருவருமே சரி என்றுதான் தோன்றுகிறது. அம்மா போட்ட காப்பிக்கு விலை கிடையாது. அதற்கு விலை வைத்த அன்று நம் ஊர் நம் ஊராக இராது. ஆனால் ஒரு நாள் முழுவதும் கூட நடந்து, தெரிந்ததைச் சொல்லி, நடை சாத்தும் நேரமும் ரயில் நேரமும் பிசகாமல் பார்த்துக்கொண்டது உழைப்பு. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் இழிவில்லை. ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. சித்திர சபையில் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேனே, அந்த அரை மணி நேரத்துக்கு நான் கூலி வாங்கியிருக்கக் கூடாது.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாக முன்வைக்கிறேன். நம் கல்லூரியில் சுற்றுவட்டாரத்தின் எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து படிக்கிறோம். விடுமுறையில் பலரும் ஏதாவது ஒரு கடையில், ஒரு வேலையில் நிற்கிறோம். நம் பேராசிரியர்கள் மனம் வைத்தால், சீசன் தொடங்குமுன் பத்து நாள் வகுப்பு ஒன்று நடத்தலாம். தமிழ்த் துறை இலக்கியம் சொல்லட்டும். வரலாற்றுத் துறை கல்வெட்டும் ஓவியமும் சொல்லட்டும். எங்கள் துறை மரமும் மூலிகையும் சொல்லட்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டும்: ஊர்ப் பெயரின் பொருள், கோயில் திறந்திருக்கும் நேரம், பார்க்கத் தக்கவை, கேட்கத் தக்க பெரியவர்கள். அவற்றைச் சேர்த்து அச்சிட்டால் தென்காசி, செங்கோட்டை ரயில் நிலையங்களில் வைக்கலாம். 'அருவியில் தடை விதித்த நாளில் என்ன பார்க்கலாம்' என்று அதில் ஒரு தனிப் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். தடையை மீறித் தண்ணீரில் இறங்க நினைப்பவன்கூட, போவதற்கு வேறு இடம் உண்டென்று தெரிந்தால் திரும்பிவிடுவான். அந்தப் பக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் போதும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் புதிது, ஊர்கள் பழையவை. அவற்றைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நாமாக இருக்கக் கூடாது?

தென்காசிக் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் இந்தக் கோயிலைப் பேணிக் காக்கப் போகிறவர்களின் அடிகளைத் தான் வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். இடையில் அந்தக் கோபுரம் சிதைந்து நின்றது. மீண்டும் எழுப்பி 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள். கோபுர வாசலில் காற்று தள்ள நின்றபடி இதை நான் சொன்னபோது அந்தப் பெரியவர் செருப்பில்லாத தம் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நானும் என் காலைப் பார்த்துக்கொண்டேன். அரசன் வணங்கியது என்னையும் சேர்த்துத்தான் என்றால், நான் இதுவரை எதைப் பேணினேன்?

சித்திர சபைக்கு இப்போது மூன்று முறை போய்வந்துவிட்டேன். அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். பாதிச் சுவர் முடிந்திருக்கிறது. வருகிற சாரலுக்குள் மீதிச் சுவரையும் முடித்துவிட வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "துட்டு வாங்கினா வாங்கிக்கோ. ஆனா கூட்டிட்டு வந்தா முன்னாலயே சொல்லிரு, பால் வாங்கி வைக்கணும்" என்றார்.